முள்வேலி வாசலில் ஒட்டு வேலை

மலாயாவில் வெள்ளையர் அறிவித்த அவசரகாலத்தில் நான் மலாக்கா நகரில் சீனர் ஒருவர் நடத்திய பட்டறையில் மின்சார ஒட்டு வேலை செய்துவந்தேன். காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டங்களிலிருந்து அரிசி போய்விடக் கூடாதென்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி எழுப்பப்பட்ட காலம் அது. கம்பியைத் தோட்டத்தாரே கட்டிக்கொண்டனர். இரும்புக் கதவுக்கு மட்டும் எங்களை அழைத்தனர். டீசல் எந்திரத்தில் ஓடும் வெல்டிங் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு நான் தோட்டந்தோட்டமாகச் சென்றேன்.

டுரியான் துங்காலை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் செய்த பிழையை இங்கே எழுதுகிறேன்.

அத்தோட்டத்து முனியாண்டி கோயில் வேலிக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது. புதிய வாசலிலிருந்து பார்த்தால் நேர் எதிரே தெரியும். அனுமதியின்றி அங்கே செல்லத்தான் முடியாது. ஆகவே கோயில் தலைவர், கதவு மாட்டும் நாளன்று வாசலிலேயே படைக்க முடிவு செய்திருந்தார். அவர் வயதான பால்வெட்டுத் தொழிலாளி. முன்னர் கலைக்கப்பட்ட தொழிற்சங்கமொன்றில் இருந்தவர் என்பதால் தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு அவர்மேல் எப்போதும் ஒரு கண் இருந்தது.

அன்று பிற்பகல் வாசலின் இரு கதவுகளில் முதலாவதை நிறுத்தி, கீலை ஒட்டத் தொடங்கியபோது எனக்கு எட்டடி பின்னால் கற்பூரத் தட்டு வைக்கப்பட்டது. ஜனங்கள் கோயிலை நோக்கிக் கைகூப்பி நின்றனர். கோயிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் என் ஒட்டுக்கம்பியின், அதாவது ராடின், நுனி எரிந்துகொண்டிருந்தது.

"பாக்காதீங்க, கண்ணு கெட்டுடும்," என்று ஒருமுறை சொன்னேன்.

"சாமி வெளிச்சத்துல கண்ணு கெடுமா தம்பி?" என்றாள் முன்வரிசையில் நின்ற ஒரு பெண். "எங்க வீட்டு அடுப்பையும் அப்படியே பத்த வச்சிட்டுப் போலா. வெறகு ஈரம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கருங்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தேன். தீபம் காட்டும்போது கண்ணை மூடுவது சாமியை வேண்டாமென்பதற்குச் சமம் என்பது அத்தோட்டத்து நம்பிக்கை. இமைக்காமல் பார்த்தார்கள், பார்த்துப் பார்த்துக் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். பூஜை முடிந்தும் பலர் போகவில்லை. நான்கைந்து சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் போதும், அந்த வெளிச்சம் அவர்களைத் தீண்டியிராது. சாக்குகள் என்னிடம் இருந்தன. முழங்காலுக்கு மெத்தையாக அவற்றைப் போட்டு மண்டியிட்டிருந்தேன்.

தொழில் பழகிய புதிதில் எனக்கே அது நேர்ந்திருக்கிறது. பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் அறுக்கும், இமை திறக்காது, நீர் கொட்டும். இதையெல்லாம் அறிந்தவன் நான்.

மறுநாள் காலை இரண்டாம் கதவுக்காகச் சென்றேன். வாசலில் போலீஸ் லாரி நின்றது. அதில் கோயில் தலைவர் உட்கார்ந்திருந்தார். இரு கண்களும் வீங்கி மூடியிருந்தன.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தார். "அறுவது பேர்ல பத்துப் பேருதான் காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கு வந்திருக்கான். மத்தவனெல்லாம் கண்ணத் தொறக்க முடியலைன்னு லயத்துல கெடக்கிறான். பாலு உறையாம ஊத்துற அமோனியாவ எடுத்துக் கண்ணுல தடவிக்கிட்டு ஸ்டிரைக் பண்றானுங்கன்னு துரை சொல்லிட்டாரு. தூண்டிவிட்டது கெழவர்தானாம்."

அக்காலத்தில் அந்த லாரியில் ஏற்றப்பட்டவர் திரும்பி வருவாரென்று ஒருவரும் உறுதி கூற முடியாது. சிலர் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். சிலரைக் கப்பலேற்றி, பிறந்ததோடு சரி, பிறகு கண்டறியாத இந்திய ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

காரணம் எனக்கு அக்கணமே விளங்கிவிட்டது. ஆயினும் நான் பேசவில்லை. இத்தனை பேருடைய கண்ணைக் கெடுத்தவன் நானென்று சொன்னால், அந்த லாரியில் எனக்கும் இடம் இருந்தது. ராடுக் கட்டைப் பிரித்தேன். எண்ணெய் இருக்கிறதா என்று எந்திர மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். நிறைய இருந்தது.

என் காலடி ஓசை கேட்டுத் தலைவர் முகத்தைத் திருப்பினார். "யாரு, வெல்டிங் தம்பியா? மறு கதவு இன்னிக்கி முடிஞ்சிடுமா?"

அதற்குமேல் என்னால் நிற்க இயலவில்லை. துரையோடு நின்றிருந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரிடம் சென்று, கிராணியை மொழிபெயர்க்கச் சொல்லி, நடந்ததைக் கூறினேன். துரை நம்பாமல் தலையை அசைத்தார். கூலிகளைக் காப்பாற்ற இவனும் கதை கட்டுகிறான் என்றாராம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முந்தைய நாள் காவலுக்கு நின்ற மலாய்க்காரர், வேலை முடியும்வரை என் கைக்கு நேரே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நேத்து இங்க காவலுக்கு நின்னவரு பால் வெட்டுறவரில்ல. அமோனியாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்ல. அவரு கண்ணப் பாருங்க," என்றேன்.

இன்ஸ்பெக்டர் தாமே காவல் குடிசைக்குச் சென்றார். காவலர் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கடமையில் கவனம் தவறியதாகச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி யாரிடமும் சொல்லவில்லை. துணியை நீக்கியதும் அவருடைய கண்களும் அவ்வாறே சிவந்து நீர் வடித்தன. இன்ஸ்பெக்டர் என் கண்ணாடியை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதன் கருமையை அறிந்தபின் லாரிக்காரருக்குக் கையசைத்தார். தலைவரை இறக்கிவிட்டார்கள்.

நான் அவர் கையைப் பிடித்து லயத்துக்கு அழைத்துச் சென்றேன். "என் தப்புதான் பெரியவரே. லாரி நிக்கிறதப் பாத்தும் கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம இருந்துட்டேன்," என்றேன்.

"எந்திர மூடியத் தொறந்து தொறந்து மூடுனீயே, அது கேட்டுச்சு," என்றார். பிறகு, "கண்ண மூடாதீங்கன்னு சனங்களுக்குச் சொன்னவன் நானு. ரெண்டு பேரு தப்பும் இருக்குலா," என்றார்.

இரண்டு நாட்களில் எல்லாருக்கும் பார்வை தெளிந்தது. துரை என் முதலாளிக்குக் கடுமையாகக் கடிதம் எழுதினார். என்றாலும் கதவு பாதியில் நின்றதால் என்னையே அனுப்ப வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் முழங்காலை வெறும் மண்ணில் ஊன்றி, சாக்குகள் அனைத்தையும் கழியில் கட்டித் தொங்கவிட்டேன். சந்துகளில் வெளிச்சம் கசிந்தாலும் படாதிருக்க, திரும்பி நிற்கும்படியும் சொன்னேன். ஆயினும் மறு கதவுக்காகக் கற்பூரம் ஏற்ற வந்தவர்கள் வாசலுக்கு முதுகு காட்டத் தயங்கினர். கோயில் அந்தப் பக்கம் அல்லவா இருந்தது!

தலைவர் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தைக் கடந்து, வேலிக்கு உட்புறம் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தார். "முனிக்கு முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் ஒண்ணுதான். இப்படித் திரும்புங்க," என்றார்.

ஒருவர்பின் ஒருவராகத் திரும்பினார்கள். கடைசி ஆள் திரும்பும்வரை காத்திருந்து, "கண்ணு!" என்று உரக்கக் கூவிவிட்டு ராடை இரும்பில் வைத்தேன்.