முடியாத லீவு

ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போன நான், இரண்டாம் வருடத்தோடு திரும்பி வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எலும்புகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வாய்மொழித் தேர்வில் ரஷ்ய மொழியில் விளக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னோடு போனவர்களில் பலர் இப்படித்தான் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

அப்பா வேலை பார்த்த ஆவடி தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் அம்மா எல்லோரிடமும், "லீவுக்கு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டார். மாதங்கள் போயும் லீவு முடியவில்லை. அப்பாவும் மற்றவர்களும் ஷிப்டுக்குக் கிளம்பி, தெரு காலியான பிறகுதான் நான் வாசலுக்கே வருவேன். அந்நிய ஊரில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஒரு நாள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மண்ணூர்பேட்டையிலிருந்து புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"இன்னா டாக்டரே, லீவு எப்ப முடியுது?"

ஏனோ அன்று எனக்குப் பொய் வரவில்லை. "லீவு இல்லக்கா. ஃபெயிலாயிட்டேன். அனுப்பிட்டாங்க."

அவர் கையிலிருந்த ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டார். அடுத்து அனுதாபம்தான் வரும் என்று தலைகுனிந்து நின்றேன்.

"அப்ப இங்கதான் கீறியா? சரி, உன் பேரு இன்னா?"

சொன்னேன். திரும்பி வந்தபின் ஒருவர் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல்முறை.

மறுநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும், மதிலுக்கு மேலே எட்டி அந்தப் பெயரைச் சொல்லிக் கூவினார். தெரு முழுக்க ஆட்கள் நிற்கும் நேரம். அம்மா என்னைப் பார்த்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

என் லீவு அன்றுதான் முடிந்தது.