எடை குறைந்த ரப்பர் கொட்டைகள்

ரப்பர் கொட்டையிலிருந்து பயோடீசல் தயாரிக்கும் சின்னப் பட்டறை ஒன்றில், கிள்ளானில், நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாமாயில் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால், எண்ணெய் வித்துகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று முதலாளி நம்பினார். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

கொட்டையில் ஈரம் தங்கினால் எண்ணெய் கெட்டுவிடும். இந்த ஊரில் மத்தியானமானால் மழை. வெயிலை நம்ப முடியாது. ஆகவே அகச்சிவப்பு விளக்குகளை வரிசையாக மாட்டி, அடியில் தட்டு வைத்து, உலர்த்தும் பெட்டி ஒன்றைச் செய்தேன். தட்டின் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஈரம் போயிற்று என்பது கணக்கு. அனல் தாங்காது என்பதால் விளக்கைப் போட்டுவிட்டு ஏர்கான் அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். நேரம் முடிந்ததும் வந்து நிறுப்பேன்.

எடை மளமளவென்று குறைந்தது. முதல் நாள் எனக்கே சந்தேகமாக இருந்தது; மூன்றாம் நாள் என் திறமையை நம்பிவிட்டேன். முதலாளிக்குக் கொடுத்த அறிக்கையில் ‘புரட்சிகரமான’ என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மனைவியிடம், இதற்குக் காப்புரிமை வாங்கினால் என்ன என்று கேட்டேன். முதலில் மின்விசிறியைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னாள்.

எரிபொருள் வாங்கும் இரண்டு பேரை முதலாளி ஒருநாள் அழைத்துவந்தார். டை கட்டிக்கொண்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெட்டியின் பக்கத்திலேயே நின்றேன். என் விளக்கவுரை சூடுபிடித்த நேரத்தில் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. ஓடு வெடித்த கொட்டை ஒன்று எகிறி, வந்தவர்களில் ஒருவரின் வயிற்றில் பட்டுக் கீழே விழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாக.

தேநீர் கொண்டுவந்த துப்புரவு அக்கா மட்டும் அசரவில்லை.

“தினமும் இப்படித்தாண்ணே. நீங்க வந்து நிறுக்குறதுக்கு முன்னாடி நான்தான் கூட்டிக் குப்பையில போடுறேன். வேணாத கொட்டைய மிஷினே தள்ளிவிடுதுன்னு நெனச்சேன் லா,” என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “அப்போ குறைஞ்சது தண்ணியா, கொட்டையா?”

“ரெண்டும்தான், பாஸ்.”

வந்தவர்கள் சிரித்தார்கள். தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். முதலாளி திட்டியிருந்தால் தேவலை. கீழே கிடந்த கொட்டைகளைப் பொறுக்கி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் சொன்னபோது மனைவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் கொட்டைகளை முன்கூட்டியே உடைத்து, பருப்பை ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே கம்பிவலை போட்டேன். வியர்க்க வியர்க்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் பீற்றிக்கொண்டதைவிட நேரம் அதிகமாக ஆனது. ஆனாலும் முன்பு கொட்டை உலர்த்திய எங்கள் பழைய சூட்டடுப்பைவிடக் குறைவுதான். புதிய அறிக்கை அரைப் பக்கத்தில் முடிந்தது.

முதலாளி நின்றபடியே படித்தார். “இது நம்புற மாதிரி இருக்கு,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.