பெயர் கொடுக்காத மக்டலீன் அன்ரி

மக்டலீன் அன்ரியிடமிருந்து எந்தக் கடைக்காரரும் தொலைபேசி இலக்கம் வாங்கியது கிடையாது. "ஒரு கார்ட் எடுங்கோ அன்ரி, புள்ளி சேரும்" என்று காசு வாங்கும் பிள்ளை கெஞ்சினாலும், "உனக்கேன் என்ர நம்பர்?" என்று கேட்டு அதை முழிக்க வைத்துவிட்டுத்தான் வருவார். வீட்டுக்கு வரும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் முகவரியைக் கத்தரிக்கோலால் வெட்டி, நாலாகக் கிழித்து, இரண்டு துண்டை வீட்டுக் குப்பையிலும் இரண்டு துண்டை வேலையிடத்துக் குப்பையிலும் போடுவார். நான் சிரித்தால், "சிரி, சிரி. ஒருநாளைக்குத் தெரியும்" என்பார்.

அவர் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஒருவரின் பெயரை எழுதுவது நல்லதுக்கு என்று இருந்ததில்லையாம். ஆமி எழுதினால் ஒரு பயம், ஆயுதம் தூக்கிய இயக்கம் எழுதினால் இன்னொரு பயம். தம்பியின் பெயர் ஒரு பட்டியலில் இருந்தது, அதற்குப் பிறகு தம்பி இல்லை. அவ்வளவுதான் சொல்லுவார். மேலே கேட்டால் தரை துடைக்கும் மொப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

நான் நிலாணி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் கருக்கலைப்புக் கிளினிக்கில் முன்மேசையில் வேலை. அன்ரி அங்கே பதினொரு வருடமாகத் துப்புரவு செய்கிறார். தமிழ்ப் பெண்கள் வந்து இங்கிலிஷில் தடுமாறினால், கையைத் துடைத்துக்கொண்டு வந்து மொழிபெயர்ப்பதும் அவர்தான். கீழ்மாடியில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். அன்ரி தன் மாதா கோயில் ஆட்களிடம் சொல்லிவைத்திருப்பது, அந்தப் பல் வைத்தியரிடம் வேலை என்றுதான். ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசைக்குப் போகும் மனுசி வேறு என்னத்தைச் சொல்ல?

போன மாசி மாதம் மாகாண அரசு எங்களைப் போன்ற கிளினிக்குகளுக்கென்று ஒரு புதிய விதியை வரைந்து வெளியிட்டது. நடை எட்டு அடி அகலம் இருக்க வேண்டும், இரண்டு ஸ்ரெச்சர் பக்கம் பக்கமாகப் போகவேண்டுமாம். ஒவ்வொரு பெண்ணும் மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு தரம் வரவேண்டுமாம். எங்கள் நடை ஐந்து அடி. ஒரு பக்கம் மாடிப்படி, மறுபக்கம் கட்டடத்தின் வெளிச்சுவர். அகட்ட வழியே இல்லை. விதி வந்தால் கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான். எங்களைப் பூட்டத்தான் இந்த எட்டு அடி என்பது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும், ஆனால் காகிதத்தில் "நோயாளர் பாதுகாப்பு" என்றுதான் போட்டிருந்தார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்ல நாற்பத்தைந்து நாள். பெயர் கட்டாயம். கருத்தும் பெயரும் இணையத்தளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் டொக்டர் ஜெசிகா வேலை செய்யும் எல்லோரையும் எழுதச் சொன்னார். எல்லோரும் எழுதினோம். அன்ரி மட்டும், "என்னை விடுங்கோ" என்றுவிட்டார்.

"அன்ரி, கிளினிக் பூட்டினா உங்களுக்கும்தான் வேலை போகும்."

"வேலை எங்கையும் தேடலாம். போன பேரைத் திருப்பி எடுக்கேலாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வற்புறுத்தவில்லை.

நாள்தோறும் காலையில் புதிய கருத்துகளை அச்சடித்து டொக்டரின் மேசையில் வைப்பது என் வேலை. முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, விதியை ஆதரித்து ஒரே நாளில் முப்பத்தொரு கருத்துகள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மூன்று வரி இங்கிலிஷ். எல்லாப் பெயரும் தமிழ்க் கிறிஸ்தவப் பெயர்கள், எல்லாம் அன்ரி இருக்கும் வோபர்ன் பக்கத்து ஆட்கள். பதினேழாவது பெயர் மக்டலீன் சூசைப்பிள்ளை.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு காலமும் இந்த மனுசி எங்களை வேவு பார்த்திருக்கிறது என்று நினைத்தேன். இங்கே எழுத மாட்டாராம், அங்கே எழுதுவாராம். உள்ளே வருகிற பெண்களின் முகமெல்லாம் இவருக்குத் தெரியுமே. கதவில் ஒரு தரம் எவனோ சிவப்புப் பெயின்ற் ஊற்றிவிட்டுப் போனபோது முழங்காலில் இருந்து சுரண்டி எடுத்தவரும் இவர்தான் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளை மட்டும் உருவி என் மேசை லாச்சிக்குள் போட்டேன். பதிவுப் புத்தகத்தைப் பூட்டி வைத்தேன். தமிழ்ப் பெண் வந்தால் தொலைபேசியில் வேறு மொழிபெயர்ப்பாளரை எடுத்தேன். அன்ரி மொப்போடு என் மேசைப் பக்கம் வந்தால் கணினித் திரையைத் திருப்பினேன். நாலு நாள் இப்படிப் போனது. சந்தேகப்படுவதிலேயே காலம் தள்ளிய ஒருவருக்குத் தன்னைச் சந்தேகப்படுவது தெரியாமல் போகுமா? ஐந்தாம் நாள் மத்தியானம் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"பிள்ளை, என்னை ஏன் உப்பிடிப் பாக்கிறாய்? நான் என்னத்தைக் களவெடுத்தனான்?"

நான் தாளை எடுத்து மேசையில் போட்டேன். "நீங்களே பாருங்கோ."

கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். தன் பெயரில் விரல் நின்றது. கதிரையை இழுத்து இருந்தார். கிளினிக் நேரத்தில் அவர் இருந்து நான் கண்டதில்லை.

"உது நான் இல்லைப் பிள்ளை."

"பேர் கிடக்குதே."

"பேர் என்ரதான். நான் இல்லை." பிறகு மேலே போய், திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார். இந்தத் தரம் சத்தமாக. "முதலாவது குலசிங்கம் வீடு. ரெண்டாவது அவற்ற மருமகள் வீடு. மூண்டாவது அருள்நாயகம் அண்ணையின்ர மனுசி... உது எங்கட செபமாலை லிஸ்ற்."

ஒக்ரோபர் மாதம் முப்பத்தொரு நாளும் அவர்களுடைய கோயில் வலயத்தில் வீட்டுக்கு வீடு செபமாலை சொல்லுவார்களாம். நாளுக்கு ஒரு வீடு. வீட்டுக்காரியின் பெயரோ வீட்டுக்காரரின் பெயரோ ஒன்று, முகவரி, தொலைபேசி எல்லாம் எழுதிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அன்ரியின் வீடு பதினேழாம் நாள். கனடாவுக்கு வந்து யாரும் கேட்காமலே அவர் தானாகப் போய்ப் பெயர் கொடுத்த இடம் அது ஒன்றுதான். "மாதாவுக்கெண்டுதான் குடுத்தனான்" என்றார்.

பட்டியலை வைத்திருப்பவர் வலயத் தலைவர் அருள்நாயகம். நல்ல மனிதர். பாஸ்போர்ட், பென்ஷன், வீட்டு வாடகைப் படிவம் என்று அந்த வலயத்தில் எதை நிரப்புவதென்றாலும் அவர்தான். கொரோனா ஊசிக் காலத்தில் எல்லோருக்கும் அவரே ஈமெயில் உண்டாக்கி அவரே நேரம் பதிந்தாராம். அந்த ஈமெயில் என்னவென்றுகூட அன்ரிக்குத் தெரியாது.

அன்ரி என் மேசைத் தொலைபேசியிலேயே அவருக்கு எடுத்தார். நானும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஓம் தங்கச்சி, நான்தான் போட்டனான்" என்றார் அவர், ஒரு ஒளிப்பும் இல்லாமல். "எல்லாருக்கும் சேர்த்துத்தானே எப்பவும் போடுறனான்."

"என்னைக் கேட்டனீங்களோ அண்ணை?"

"ஊசிக்குப் பதியேக்கை கேட்டனானோ? நல்ல காரியத்துக்குக் கேக்கோணுமோ? பிள்ளையளை அழிக்கிற இடம் தங்கச்சி அது."

அன்ரி எதிரே இருந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் அங்கைதான் வேலை செய்யிறன்."

"நீர் பல்லு டொக்டரிட்டையெல்லோ?"

"அது கீழ்மாடி. நான் மேல்மாடி. பதினொரு வருசம்."

அன்ரியே தொலைபேசியை வைத்தார். நான் அவருடைய கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி, நான் உங்களை..." என்று தொடங்கினேன். "விடு. நானெண்டாலும் உப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்றார். எனக்கு இன்னும் வெட்கம் போகவில்லை.

டொக்டர் ஜெசிகா, கள்ளக் கையெழுத்து என்று முறைப்பாடு செய்வோம் என்றார். அன்ரி மறுத்துவிட்டார். "அவர் கள்ளன் இல்லை. கேக்காதவர், அவ்வளவுதான்." பிறகு ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். நான் கணினியில் அடித்துத் தருவதாகச் சொன்னதற்கு, "நீ அடிச்சா அதுவும் அருள்நாயகம் அண்ணை அடிச்ச மாதிரித்தான்" என்றார். தபாலிலும் கருத்து அனுப்பலாம் என்றிருந்தது. தமிழில் தன் கையாலேயே எழுதினார். நான் அதற்கு இங்கிலிஷ் மொழிபெயர்ப்பு இணைத்தேன். அதையும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லவைத்து, நான் ஒன்றையும் கூட்டிக் குறைக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் உறையை ஒட்டினார். அவர் எழுதியது இது:

"என் பெயர் மக்டலீன் சூசைப்பிள்ளை. வயது ஐம்பத்தேழு. இந்தக் கிளினிக்கின் நடையைப் பதினொரு வருசமாக நான்தான் துடைக்கிறேன். அதன் அகலம் எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இவ்வளவு காலத்தில் இங்கே ஸ்ரெச்சர் ஒரே ஒரு தரம் வந்தது, தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த ஆள் மயங்கி விழுந்தபோது. வந்தது, ஏற்றியது, போனது. எங்கும் இடிக்கவில்லை. ஒஷாவாவில் இருந்து ஒரு பெண் சின்னப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் ஏறி வந்தாள். அவளை இரண்டு தரம் வரச் சொன்னால் வரமாட்டாள். வராமல் என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். கடவுளோடு பேசவேண்டியதை நான் பேசிக்கொள்வேன். முன்பு என் பெயரில் வந்த கருத்தை நான் எழுதவில்லை. இதை நான் எழுதினேன்."

அடியில் கையெழுத்து, முழு முகவரி, தொலைபேசி இலக்கம். இலக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தானே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

முடிவுத் திகதிக்கு முதல் நாள் அது இணையத்தளத்தில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அன்ரி இருக்கும் நீள வாங்கில் வேறு ஒருவரும் இருக்கவில்லையாம். ஒருவருக்கொருவர் திரும்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில் முன் வாங்குக்காரி திரும்பவே இல்லையாம். "கால் நீட்டி இருக்க நல்ல வசதி" என்று சொல்லிச் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

விதி வருமா வராதா என்று இன்றுவரை ஒரு முடிவும் இல்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் கிளினிக்குக்கு ஒரு தொலைபேசி வந்தது. பெண் குரல், மெல்லிய தமிழ். "அங்கை மக்டலீன் நிக்கிறாவோ?" யாரென்று கேட்டேன். தயங்கிவிட்டு, "அருள்நாயகத்தின்ர மனுசி" என்றார். திட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, ஸ்பீக்கரைப் போட்டு அன்ரியைக் கூப்பிட்டேன்.

"ஆர் சொல்லி எடுக்கிறியள் அக்கா?" என்றார் அன்ரி எடுத்த எடுப்பில்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. உவர் நித்திரை." குரல் இன்னும் இறங்கியது. "மூண்டாவது வீடு எண்டு என்ர பேர் கிடக்காம். என்னையும் கேக்கேல்லை மக்டலீன். நாற்பத்தொரு வருசம் அந்த மனுசனோடை இருக்கிறன், ஒரு சொல்லு கேக்கேல்லை. உன்ரயை வாசிச்சுக் காட்டச் சொல்லிப் பேத்தியிட்டைக் கேட்டனான். என்ரயை எடுக்கிறதெண்டா என்ன செய்யவேணும்? நீ எனக்கும் ஒண்டு எழுதிப் போட்டுவிடன்."

அன்ரியின் கை பேனைக்குப் போனது. போய்விட்டு நின்றது.

"இல்லை அக்கா" என்றார். "நான் எழுதமாட்டன். ஒரு பேப்பர் எடுங்கோ. முதல்லை உங்கட பேரை எழுதுங்கோ."