ஏழு கோடியே தொண்ணூற்று நான்கு லட்சத்துச் சொச்சம்

ஒக்கலிபுரத்தில் இருக்கும் கோவிந்தராஜன் மாமா, என் அம்மாவின் தம்பி. பத்தொன்பது வயதில் குடியாத்தத்திலிருந்து வந்து, பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். சிறுநீரகம் போனபின் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஊசி இடது கையில். வலது கை சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு நோட்டு வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய ஃபைல் எண் 7,94,97,883. அது எதாலும் வகுபடாத பகா எண் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கையாலேயே வகுத்து அதை நிரூபித்துவிட வேண்டும். அதன் வர்க்கமூலமான எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்தால் போதும். ஆயிரத்து நூறு கணக்கு தேறும். ஒரு தடவைக்கு மூன்று. இரண்டரை வருஷம் ஆகும் என்றார். டாக்டர்கள் அவருக்கு அவ்வளவு காலம் சொல்லியிருக்கவில்லை.

பரீட்சை எப்போது என்று நர்ஸ் ஆஞ்சலா கேலி செய்வாளாம். “நீ ஊசிய ஒழுங்கா குத்து, நான் பாஸ் ஆவறேன்” என்பாராம்.

டூசல்டார்ஃபில் இருக்கும் எனக்கு அவர் விதித்தது ஒன்றே: கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கக் கூடாது.

கன்னட வருஷப் பிறப்பான யுகாதி வாரத்தில் மூன்று நாள் அங்கே யாரும் ஃபோனை எடுக்கவில்லை. பயத்தில் என்னென்னவோ செய்தேன், இதையும் செய்தேன். ஒரு வினாடிதான். 1,987 பெருக்கல் 40,009. மாமா அப்போது இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருந்தார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நோட்டுப் பக்கங்களைத் தேடினேன். 1,987-ஐ ஒன்பதால் பெருக்கி 17,883 வரவேண்டிய இடத்தில் 17,873 எழுதி, மீதி பத்து என்று போட்டு, பக்கத்தில் ஒரு டிக்.

நான்காம் நாள் மாமாவின் மனைவி வனஜா அத்தை எடுத்தாள். மாமாவுக்குக் காய்ச்சலாம், இப்போது பரவாயில்லையாம். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“சொல்லாதப்பா. அவரு பாட்டுக்கு வகுத்துனு இருக்கட்டும். அது இல்லன்னா அந்த நாலு மணி நேரத்த எப்படித் தள்ளுவாரு?”

எனக்கும் அதுதான் சுலபமாக இருந்தது.

தீபாவளிக்கு முன்பு, ஐந்தாயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது, டயாலிசிஸ் படுக்கையிலிருந்தே கூப்பிட்டார். எந்த எண்ணில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதையே விட்டுவிட்டேனாம்.

“நீ போட்டுப் பாத்துட்ட, இல்ல?”

“ஆமா மாமா.”

“எதுல போவுது?”

சொன்னேன். காகிதத்தில் பேனா ஓடுவது கேட்டது. மெஷின் நடுவில் இரண்டு முறை கூவியது.

“சரிதான். மீதி இல்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “எப்பலேர்ந்து தெரியும்?”

“யுகாதிலேர்ந்து.”

“ஏழு மாசம்டா. எனக்கு ரொம்ப டைம் இருக்குதுன்னு நெனச்சிட்ட நீ.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது நோட்டு எடுத்துப் போவதில்லையாம். நான் கூப்பிட்டால் அத்தைதான் எடுக்கிறாள். நல்லா இருக்கேன்னு சொல்லு என்று பின்னால் அவர் குரல் கேட்கிறது. அத்தை அதையே திருப்பி என்னிடம் சொல்கிறாள்.