செத்த லைனையும் பார்க்கணும்

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அண்ணே. நரைத்த தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. இணையத்தில் நேர் லைன் படுத்துவிட்டால் வேறு ஊர் வழியாகத் தரவைச் சுற்றி அனுப்புவதுதான் பாயான் லெப்பாஸில் எங்கள் வேலை. அதற்காக எல்லா லைனுக்கும் ஓயாமல் ஒரு சின்ன சிக்னல் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்போம்.

மதியம் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் சோறு வந்ததும் அண்ணே மெல்பர்னில் இருக்கும் மகனுக்குப் போன் அடிப்பார். ஏதோ மனஸ்தாபம், அவன் எடுப்பதில்லை. அவன் நலத்தைத் தன் தங்கச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

"எடுக்க மாட்டான்னு தெரியும்தானே அண்ணே, ஏன் அடிக்கிறீங்க?" என்றேன்.

"செத்த லைனையும் நாம பார்த்துக்கிட்டேதானே இருக்கோம்மா? விட்டுட்டா, உயிர் வந்தது எப்படித் தெரியும்?"

ஒருநாள் மணி பாதியில் நின்றது. "அப்பா?" என்று ஒரு குரல் கேட்டது. மணி நின்றதும் போனை வைத்தே பழகிய விரல் அதற்குள் துண்டித்துவிட்டது.

"லைன் இருக்கும்மா!" என்று சிரித்தார். மறுகணம் முகம் வெளுத்தது. பதறிப்போய்த் திரும்ப அடித்தார்.

மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படித்தான்.