உப்பு எவ்வளவு என்று கேட்டேன்

அளக்கும் கருவிக்கு எழுத்தில் கட்டளை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதும் ஒரு தொழில்தான். செய்தவர்களுக்குத் தெரியும் அந்த அவதி.

முதல் பதில்

எண்பதுகளில், கல்முனைப் பக்கத்து விவசாய அலுவலகம் ஒன்றில் வயல் தண்ணீரின் உப்பை அளப்பது என் வேலை. வெளிநாட்டு உதவியில் வந்த உப்புமானியை ஒரு தடித்த வயர் கம்ப்யூட்டரோடு இணைத்தது. இரண்டும் ஒரே வேகத்தில் கதைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் குப்பை எழுத்துத்தான் கொட்டும். இரண்டு நாள் குப்பை பார்த்தேன். மூன்றாம் நாள் வேகத்தைச் சரிசெய்து, ‘அள’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினேன். ஒரு எண் வந்து நின்றது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அலுவலகம் கூட்டிக்கொண்டிருந்த இஸ்மாயில் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம்) விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

“சுப்ஹானல்லாஹ்! வாயில்லாத சாமான், கேட்ட உடன பதில் சொல்லுது பாரு தம்பி!”

மரியாதை

எங்கள் மேலதிகாரி ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ற் கோயிலுக்குப் போகிறவர். பியோனிடமும் ‘தயவுசெய்து’ என்றுதான் கேட்பார். உப்புமானிக்கும் அப்படியே, ‘தயவுசெய்து இந்தத் தண்ணீரின் உப்பைச் சொல்லவும்’ என்று ஆங்கிலத்தில் முழு வசனம் அடித்தார். பிழை என்று வந்தது. மறுபடி நன்றியும் சேர்த்து அடித்தார். மறுபடியும் பிழை. அதற்குத் தெரிந்ததே பத்துப் பன்னிரண்டு சொல் என்று நான் விளக்கியும் அவருக்கு மனம் ஆறவில்லை.

“இவ்வளவு மரியாதையாக் கேட்டும் என்னை ஏசுது, உமக்கு மட்டும் எப்பிடி ஐசே பணியுது?”

கண்ணாடிப் போத்தல்

களப்பு வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணலை வெட்டிய கிழமை, களப்போரம் இரண்டு ஏக்கர் செய்யும் மீராசாகிபு காக்கா ஓடிவந்தார். கடல் தண்ணீர் வயலுக்குள் ஏறியிருக்குமோ என்று பயம்.

“வாயில வெச்சிப் பாத்தன், உப்பில்ல. மனம் கேக்கல்ல. முளை நெல்லு சாக்குல இரிக்கி தம்பி, இண்டைக்கு விதைக்காட்டி மாட்டுக்குத்தான்.”

அவர் கொண்டுவந்த போத்தல் தண்ணீரை அளந்தேன். நெல் தாங்காத அளவு. மூன்று தரம் கேட்டேன். ஒரு தரமாவது பொய் சொல்லாதா என்று கெஞ்சாத குறை. அதே எண். காக்கா தலையில் கைவைத்துக் குந்திவிட்டார்.

போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் மூக்கில் அடித்தது, தேசிக்காய் ஊறுகாய் வாசம். அடியில் உப்புப் படிந்திருந்தது. கண்ணாடிப் போத்தலில் கொண்டுவாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் நான், கழுவச் சொல்லவில்லை. அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வயலுக்கு மிதித்தேன். சுத்தமான குவளையில் தண்ணீர் அள்ளி வந்து மீண்டும் கேட்டேன். நல்ல தண்ணீர். அந்தச் சின்னப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிடாததுதான் குறை. காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விதைக்க எழுந்தார்.

“நாக்கும் சரி, மெஷினும் சரி. நடுவுல நாம ரெண்டு பேரும்தான் பிழை, தம்பி.”

பொய்யே சொல்லாத ஒன்றோடு நாள் முழுக்க வேலை செய்து பாருங்கள், எல்லாப் பிழையும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.