மிச்சமிருந்த ஒரு சொல்

எங்கள் சபையில் மௌன ஜெபம் என்று ஒன்று உண்டு. பாட்டு முடிந்ததும் பாஸ்டர் விளக்கைக் குறைக்கச் சொல்வார். "எல்லாரும் கண்ண மூடுங்க. கர்த்தர் இப்ப உங்ககிட்ட பேசப் போறார்" என்பார். சொல்லிவிட்டு அவரே பேச ஆரம்பிப்பார். பின்னால் கீபோர்டு ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கும். கர்த்தருக்கு ஏதாவது சொல்ல இருந்தாலும் இந்த இரண்டையும் தாண்டி எப்படிச் சொல்வார் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

மும்பை செம்பூரில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல்மாடியில் ஹால் எடுத்து நடத்துகிற தமிழ்ச் சபை அது. சுவர் அகலத்துக்கு ஒரு எல்இடி திரை, கேமராக்கள், மேடையில் புகை விடுகிற மெஷின். புகை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "அட்மாஸ்ஃபியர், ஆன்ட்டி" என்றார் பாஸ்டர். முன்வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று பாட்டு வரிகள் இங்கிலீஷ் எழுத்தில்தான் திரையில் ஓடும். அதைப் பார்த்துப் பார்த்து நானே சில வார்த்தைகளைத் தப்பாகப் பாட ஆரம்பித்திருந்தேன்.

தாராவியிலிருந்து ஆட்டோ பிடித்து நானும் என் வீட்டுக்காரரும் பல வருஷம் அங்கே போய் வந்தோம். அவர் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகின தொண்டை. ஸ்தோத்திரம் என்று அவர் எடுத்தால் நாலு வரிசை திரும்பிப் பார்க்கும். பாஸ்டருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், மைக் இல்லாமலே ஒரு மைக் கிடைத்த மாதிரி.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது: போதும். தட்டில் சோறு விழுந்தாலும் போதும், விழாவிட்டாலும் போதும். ஃபேனைப் போடு என்பதற்கும் அதுதான், மகள் போனில் அழுதால் அதற்கும் அதுதான். சிலருக்கு இப்படி ஒரு சொல் நாக்கில் தங்கிவிடும், அதற்குப் பெரிதாக அர்த்தம் தேடாதீர்கள் என்றார் டாக்டர். நான் தேடினேன். சொல்கிற தொனியை வைத்து, என்ன கேட்கிறார் என்று கொஞ்ச நாளில் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டிலில் உட்காருவார், நான் பக்கத்தில் ஸ்டூலில். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சத்தமாக ஜெபிப்பேன். அவருக்குச் சுகம் கொடும் என்பதையே தினுசு தினுசாகச் சொல்லி ஒருநாள் எனக்கே அலுத்துவிட்டது. பேசாமல் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தோம். மறுநாளும் அப்படியே உட்கார்ந்தோம், பிறகு அதுவே எங்கள் ஜெபமாகிவிட்டது.

தாராவியில் என்ன மௌனம் என்று சிரிப்பீர்கள். கீழே எம்ப்ராய்டரி மெஷின், எதிர்வீட்டு டிவி, சந்தில் யாரோ யாரையோ ஹிந்தியில் திட்டுவது, எல்லாம் காதில் விழும். விழுந்துவிட்டுப் போகும். கர்த்தர் அந்த அறையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதை நான் கர்த்தரிடமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷ ஜெபத்தில் சீக்கிரம் ஆமென் வராதா என்று நான் நினைக்காத ஜெபம் அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் பாஸ்டர் எங்களைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்ன ஆன்ட்டி, ஜெபம் பண்ணலையா?" என்றார்.

"பண்ணிக்கிட்டுதான் இருக்கோம் பாஸ்டர்."

"வாயத் தொறந்து அறிக்கை பண்ணாம என்ன ஜெபம்? இது ஊமை ஆவி ஆன்ட்டி. நீங்களும் கூட உக்காந்து அதுக்கு இடம் குடுக்கறீங்க. இந்த சண்டே அங்கிள ஸ்டேஜுக்குக் கூட்டிட்டு வாங்க. லைவ்ல பேசுவார்."

"வேண்டாம் பாஸ்டர். அவுக கூட்டத்தக் கண்டா மிரளுதாவ. இப்படியே இருக்கட்டும், நிம்மதியா இருக்காவ."

"விசுவாசம் வேணும் ஆன்ட்டி" என்று சொல்லி, நான் போட்ட டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பேசாமல் அந்த ஞாயிறு வீட்டிலேயே இருந்திருக்கலாம். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு பாஸ்டர் அவர் மேலே கையை வைக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் போனேன். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மேடையிலிருந்து எங்களைக் காட்டினார். ஊழியக்காரர்கள் இரண்டு பேர் வந்து என் வீட்டுக்காரரை இரண்டு பக்கமும் தாங்கி, நான் சேலையைச் சரிசெய்து எழுவதற்குள் புகைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். கேமரா கிட்டே வந்தது. திரையில் அவர் முகம் ஒரு வீட்டளவுக்குத் தெரிந்தது. கண் என்னைத் தேடிக்கொண்டிருந்தது.

"அல்லேலூயா சொல்லுங்க அங்கிள்" என்று பாஸ்டர் மைக்கை அவர் உதட்டில் வைத்தார்.

கீபோர்டுகூட நின்றது. அந்த ஹாலில் நான் கேட்ட முதல் அமைதி அதுதான்.

"போதும்" என்றார் அவர்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர் வலிக்க வலிக்க இழுக்கும்போது என் வீட்டுக்காரரிடம் வருகிற தொனி அது. விட்டுவிடு என்று அர்த்தம். பாஸ்டர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா? கிருபை போதும்ங்கற வசனத்தச் சொல்றார். கிருபை போதும்" என்று குதித்தார். டிரம்ஸ் அடித்தது. சபை எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் மிரண்டுபோய் மறுபடியும் போதும் என்றார். மைக் அங்கேயே இருந்ததால் அதுவும் ஹால் முழுக்கக் கேட்டது, அதற்கும் தட்டினார்கள். விட்டுவிடு, விட்டுவிடு என்று ஒரு மனிதர் கெஞ்சக் கெஞ்ச, இத்தனை விசுவாசிகளும் கண்ணீர் விட்டு ஆர்ப்பரித்தார்கள். நான் மேடையேறி அவர் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆனந்தக் கண்ணீர் என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மறுநாள் காலையில் அந்த வீடியோ, பின்னணி இசையெல்லாம் சேர்த்து, சீத்தா கேம்ப்பில் இருக்கிற என் நாத்தனார் மூலமாக என் போனுக்கே வந்தது. 'ஊமையன் பேசினான்' என்று தலைப்பு. நாற்பது வருஷம் பட்டறையே அதிரப் பேசின மனிதருக்கு அவர்கள் வைத்த பெயர்.

அன்று மத்தியானம் வழக்கம்போல் உட்கார்ந்தோம். என் வாய் நிற்கவில்லை. "பாத்தீயளா, வித்தை காட்டுத குரங்கு மாதிரில்லா உங்கள நிறுத்திட்டான். அவனும் அவன் புகையும். கிருபையாம், கிருபை. அவனுக்கு என்ன தெரியும்? அந்தக் கூட்டத்துக்குத்தான் என்ன தெரியும்?" என்று ஆரம்பித்து, எம்ப்ராய்டரி மெஷின் சத்தத்துக்கு மேலே போய்விட்டேன். கண்ணை மூடியிருந்தாலும் உள்ளே பாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் கை மேலே கையை வைத்தார்.

"போதும்."

முந்தின நாள் மேடையில் சொன்ன அதே தொனி. அங்கே ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை என்றுதானே இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.